கறுப்புக் கண்ணாடிக்குள் நின்ற தம்பி

உலகத் துப்பறிவாளர்கள் எல்லாரும் என் காலில் விழ வேண்டிய ஒரு காரியத்தை இன்று காலை செய்தேன்.

மருமகள் ஒருத்தி கல்குடாக் கடற்கரையில் தனியாக நிற்கும் படத்தை முகநூலில் போட்டிருந்தாள். எந்த மருமகள் என்று கேட்காதீர்கள், அக்காமார் பெற்ற ஒரு படையே எனக்கு உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால், அவளுடைய கறுப்புக் கண்ணாடிக்குள் படமெடுக்கும் தம்பி ஒருவர்!

சும்மா இருப்பேனா? படத்துக்குக் கீழே ஊரே பார்க்க எழுதினேன்: “கண்ணாடிக்குள்ள நிக்கிற மாப்பிள்ளை ஆரு, மகள்?”

வாழைச்சேனையிலிருந்து கட்டார் வரை சொந்தக்காரர் சிரித்தார்கள். நான் வீட்டுக்குள் அமிர்தகழிக் கோயில் தேர்போல வலம் வந்தேன்.

பிறகு அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா கண்டுட்டா, மாமா. அழுதுகொண்டு இருக்கிறா.”

“சும்மா பகிடிக்குத்தானே, மகள். இப்பவே அழிக்கிறன்.”

“அழிச்சு என்ன? உங்களக் கொண்டுதான் அம்மாக்கிட்டச் சொல்லுவிக்க இருந்தன். மாமா சொன்னா அவ கேப்பா எண்டு அவரிட்டயும் சொல்லி வச்சிருந்தன்.”

கடலளவு வாயால் கேட்டதை ஒரு விரலால் அழித்தேன்.

பின்னேரம் அவளுடைய அம்மா, என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டே அந்தத் தம்பிக்காகப் பேசுவேன்.

இந்தப் பதிவை மருமகளிடம் காட்டி, அவள் வெட்டியது போக மிச்சத்தைத்தான் போடுகிறேன். கீழே என்னை எவ்வளவும் ஏசலாம். தம்பி ஆரென்று கேட்டால் மட்டும் பிளாக்.