பாறைமேட்டுப் பனி

கெல்வின் ட்வீடி பனிச்சறுக்கு மலையில் பனியைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டியே கிழவரானவர். அவர் மனைவி நோரீனுக்கோ மலைப் போஸம் என்றால் உயிர். சுண்டெலியைவிடச் சற்றே பெரிய பிராணி அது. கோடையில் அந்துப்பூச்சிகளைத் தின்று கொழுத்து, குளிர்காலம் முழுக்கப் பாறையிடுக்கில் சுருண்டு கிடக்கும். மேலே பனி மூடியிருக்கும்வரை, உடம்பு சில்லிட்டுக் கிடந்தாலும் கொழுப்பு மெல்லத்தான் கரையும். அந்தப் போர்வை போனால், உறையாமல் இருப்பதற்கே அத்தனையும் எரிந்து தீரும்.

சறுக்குப் பாதையை ஒட்டிய பாறைமேட்டின் இடுக்கில் நோரீன் மரப்பெட்டி வைத்து, அதில் குடிவந்த கிழட்டுப் பெண் போஸத்துக்கு மிட்ஜ் என்று பெயரும் வைத்திருந்தாள். அந்த வருஷம் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் கிடந்தாள்.

"மிட்ஜ் தூங்குறாளா, கெல்?"

"உன்ன மாதிரி குறட்டை விட்டுக்கிட்டு."

"பனி கரைஞ்சு அவ முழிச்சதும் வந்து சொல்லு. அதுவரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்."

சறுக்க வரும் கூட்டம் அலைமோதும் பள்ளி விடுமுறை நெருங்கியபோது சறுக்குப் பாதையில் புல் தெரிந்தது. மேற்பார்வையாளன் டேல் வந்து நின்றான்.

"பாதை உங்க மண்டை மாதிரி வழுக்கையா இருக்கு, கெல். பாறைமேட்டுப் பனிய இங்க தள்ளி விடுங்க."

"அங்க மிட்ஜ் இருக்கா."

"நாளைக்கே கொட்டப்போகுது. தானா மூடிக்கும்."

மலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கிறுக்கு உண்டு. அடுத்த பனியைச் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோலப் பேசுவார்கள். கெல்வினும் நம்பித் தொலைத்தார், தள்ளினார். பனி வரவில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்க, பாறையெல்லாம் உறைந்து கிடந்தது. மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போட்டுப் பார்த்தார். காற்று வாரிக்கொண்டு போனது.

வசந்தத்தில் பெட்டியைத் திறந்தார். மிட்ஜ் வாலைச் சுற்றிக்கொண்டு செத்துக் கிடந்தாள், தோலும் எலும்புமாக. உள்ளங்கையில் கனமே தெரியவில்லை. கெல்வின் அங்கேயே உட்கார்ந்து விம்மி அழுதார்.

வீட்டில் நோரீன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழிச்சிட்டாளா?"

கெல்வின் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவள் போர்வையை இழுத்துவிட்டார்.

"முழிச்சிட்டா. நல்லா குண்டா இருக்கா."

"அப்ப சரி, கெல்," என்று நோரீன் சிரித்தாள். அவ்வளவு நிம்மதியை அந்த முகத்தில் அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அந்த வாரமே அவள் போய்ச் சேர்ந்தாள். இன்னும் முழிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளே என்று கெல்வின் மருகாத நாளே இல்லை.