அம்பைத் திருப்பியது யார்?

என்னோடு ஆட்டம் ஊத வருகிற நடுவர் யாருடைய காரில் வந்து இறங்குகிறார் என்று பார்ப்பது என் பழக்கம். கெட்ட பழக்கம் என்பார் என் வீட்டுக்காரர். அவர் ஒரு ஆட்டம் ஊதியதில்லை.

டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஓர் ஊரில் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். உள்ளூர் அணிக்கும் கோரிப்பாளையத்துப் பிள்ளைகளுக்கும். நான் தல்லாகுளம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர், லீவு நாட்களில் நடுவர். பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். கூட ஊத வேண்டியவர் உள்ளூர் கோச்சின் காரிலிருந்து இறங்கினார். வாயில் பல்குச்சி. விருந்து நடந்திருக்கிறது!

"என்னத்தா, பஸ்லயா வந்த? சொல்லியிருந்தா ஏத்திட்டு வந்திருப்பாங்கள்ல?" என்றார்.

அவர் என்னைவிட ரொம்ப சீனியர். அரசு ஆபீசில் வேலை. பல வருடமாக அவரோடு ஊதுகிறேன், ஒரு ஆட்டம்கூட நிம்மதியாக ஊதியதில்லை. யார் எந்தப் பக்கம் பார்ப்பது என்று நடுவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நான் கேட்டால், "நீ உன் பக்கம் பாரு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்பார். ஆட்டம் தொடங்கியதும் என் மூக்குக்கு முன்னால் நடப்பதை அந்தக் கோடியிலிருந்து ஊதுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேசையைப் பார்த்தேன். கணக்கு எழுத உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர்ப் பள்ளியின் கணக்கு வாத்தியார். கடிகாரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் அந்த ஊரின் பழைய ஆட்டக்காரர், சட்டைகூட உள்ளூர் அணியின் நிறத்தில். என் கூட்டாளி அவர்களிடம் குனிந்து ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எதற்கு நிற்க வேண்டும்? நல்ல ஜோக் என்றால் எனக்கும் சொல்லலாமே.

இந்த நேரம் பார்த்து கோரிப்பாளையத்துக் கோச் என்னிடம் வந்தார். தாடி வைத்த, மெலிந்த பாய். தன் அணியின் கேப்டனைக் கண்ணாலேயே காட்டினார். நெட்டையான பிள்ளை, தனியாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், கப்போட வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டும் ஹாஸ்டலும் தாரோம்னு ஒரு காலேஜுல சொல்லியிருக்காங்க. இல்லேன்னா ப்ளஸ் டூவோட நிப்பாட்டிருவேன்னு அவ அத்தா சொல்லிட்டாரு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நேர்மையா ஊதுங்க, அது போதும்."

"போதுமா? நான் வேற எப்படி ஊதுவேன்னு நெனச்சீங்க? தள்ளிப் போங்க பாய், எல்லாரும் பாக்குறாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் கூட்டாளி பல்குச்சியைத் துப்பிவிட்டுப் பார்த்தார். உள்ளூர் கோச் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த போன் அடித்ததை நான் கேட்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. ஆடி மாசத்துக் காற்று, சிமெண்ட் தரையெல்லாம் மண். உள்ளூர்ப் பிள்ளைகள் முன்னால் இருக்கும்போது கடிகாரம் ஓடுகிற ஓட்டத்தையும், பின்னால் இருக்கும்போது ஊர்கிற விதத்தையும் பார்த்தால் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. ஓடிக்கொண்டே மேசையைப் பார்த்தேன், மேசையைப் பார்த்துக்கொண்டே கூட்டாளியைப் பார்த்தேன். கழுத்து வலியே வந்துவிட்டது.

இங்கே அந்த அம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு அணியின் ஆட்களும் ஒரே நேரத்தில் பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால், முறை வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை இவர்களுக்கு, அடுத்த தடவை அவர்களுக்கு. அடுத்த முறை யாருக்கு என்று காட்ட மேசையில் ஓர் அம்பு இருக்கும். ஒவ்வொரு தடவையும் பந்து கொடுத்து முடிந்ததும், கணக்கு எழுதுகிறவர் அதை மறுபக்கம் திருப்பிவைக்க வேண்டும். பெரிய இடங்களில் அதற்கு விளக்கு இருக்கிறது. இங்கே ஒரு பலகைத் துண்டில் பிளைவுட் அம்பை ஆணியடித்து, சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்குப் பிள்ளைகள் பந்தைப் பிடித்துப் பிடித்துத் தரையில் உருண்டார்கள். கடைசிக் கால் பகுதியில் ஒரு தடவை அப்படி ஆனபோது உள்ளூருக்குப் பந்து கொடுத்தோம். அம்பு இனி கோரிப்பாளையத்துப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வாத்தியார் பேனாவைக் கடித்துக்கொண்டு எங்கோ பார்த்தார். ஆட்டம் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்தது, அம்பு அசையவே இல்லை. ஓஹோ, இப்படித்தானா உங்கள் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

டைம் அவுட் வந்தது. வாத்தியார் பின்னால் திரும்பி யாரிடமோ தண்ணீர் கேட்டார். கடிகாரக்காரர் எழுந்து நின்று உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். என் கூட்டாளி எங்கே என்று தேடினேன். தூரத்துக் குழாயடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று. வாத்தியாரிடம் சொன்னால் மறுப்பார், மறுத்தால் ஊரே கூடும். விரலால் அம்பைத் தட்டித் திருப்பிவிட்டு நகர்ந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசி நிமிடம். கோரிப்பாளையம் ஒரு புள்ளி பின்னால். உள்ளூர்க் கூடைக்குக் கீழே கேப்டன் பிள்ளையும் ஓர் உள்ளூர்ப் பிள்ளையும் பந்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். ஊதினேன். கடிகாரத்தில் சில வினாடிதான் மிச்சம். அம்பைப் பார்த்தேன். உள்ளூர்ப் பக்கம் காட்டியது!

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராக மேசைக்குப் போனேன்.

"சார், இத யாரு திருப்புனது?"

"நான்தான் மேடம்" என்றார் வாத்தியார். "போன தடவை திருப்ப மறந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, திருப்பிட்டேன்."

"எந்தப் பக்கம்னு பாக்கலையா?"

"யாரு முறைங்கிறதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல மேடம். மறந்தது ஞாபகம் வந்துச்சு. அம்புட்டுத்தான்."

"அத நான் டைம் அவுட்லயே திருப்பிட்டேன் சார்! நீங்க மறுபடி திருப்புனா பழைய பக்கமேதான வரும்!"

அதற்குள் உள்ளூர் கோச் வந்துவிட்டார். "நீங்க திருப்புனீங்களா? யாரு பாத்தா? வாத்தியாரு ஒரு தடவை திருப்பியிருக்காரு, அம்பு சரியாத்தான் நிக்கிது. பந்து எங்களுக்கு. ஆட்டத்துக்கு முன்னாடி அந்த பாய்கூட நின்னு பேசுனீங்களே, அத ஊரே பாத்துச்சு."

போன தடவை பந்து யாருக்குப் போனது என்று கேட்டால், இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்று சொன்னார்கள், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் அதற்கு நேர் எதிராகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சத்தியம் செய்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களைச் சந்தேகப்பட்ட என்னை அத்தனை பேரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். கேப்டன் பிள்ளை இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பந்து உள்ளூருக்குப் போனால் அந்தச் சில வினாடியைக் கையில் வைத்தே முடித்துவிடுவார்கள். அவள் படிப்பும் அதோடு முடிந்தது.

"அண்ணே, நீங்க சொல்லுங்க" என்று என் கூட்டாளியிடம் திரும்பினார் உள்ளூர் கோச். கோச்சின் காரில் வந்தவர், கோச்சின் வீட்டில் சாப்பிட்டவர். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

அவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டார். "இந்தப் பொண்ணு திருப்புச்சு. நான் பாத்தேன்" என்றார். "பந்து கோரிப்பாளையத்துக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் பச்சையாகப் பொய் சொல்கிறார்! எனக்காகச் சொல்கிறார். எதற்குச் சொல்கிறார்? நாளைக்கு என்னிடம் என்ன கேட்பார்?

பந்து உள்ளே வந்தது. அந்தப் பிள்ளை வாங்கினாள், திரும்பினாள், போட்டாள். வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பாய் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"கிட்ட வராதீங்க பாய், புண்ணியமாப் போகும்!" என்று கத்தினேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

திரும்பிப் போக என் கூட்டாளிக்குக் கார் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்று, அவித்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நெசமாப் பாத்தீங்களா?"

"நான் எங்கத்தா பாத்தேன்? மூஞ்சி கழுவிக்கிட்டுல இருந்தேன்."

"அப்புறம் எப்படிண்ணே அம்புட்டு பேரு முன்னாடி பாத்தேன்னு சொன்னீங்க?"

"நீ இதுவரைக்கும் யாரையாச்சும் நம்பியிருக்கியா? அம்பு திரும்பாம நிக்கிது. வாத்தியாரு திருப்பிக்கிருவாருன்னு விட்டுட்டுப் போற ஆளா நீ? கை வச்சிருப்ப. இதப் போயி பாக்கணுமாக்கும்." கடலைத் தோலைத் தட்டிவிட்டார். "இந்தா, தின்னு."

வாங்கித் தின்றேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த மனிதரையா இத்தனை வருடம் அப்படி நினைத்தோம் என்று பஸ்ஸில் ஏறிய பிறகும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திருமங்கலம் தாண்டும்போதுதான் சுருக்கென்றது. என் மூக்குக்கு முன்னால் நடந்ததையெல்லாம் அந்தக் கோடியிலிருந்து ஊதினாரே, இத்தனை வருடமாக. அதில் எத்தனையைப் பார்த்து ஊதினார்?

கேட்டுவிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிற மாதிரிதான் இருந்தது.