எனக்கும் தேத்தண்ணி தாங்கோ

நான் தஞ்சாவூர்க்காரி. கல்யாணமாகி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்து ஒன்பது வருடம். ஆசைப்பட்டு இலங்கைக் குடியுரிமையும் எடுத்தேன்.

என்னோடு படிப்பிக்கும் விமலா வீட்டுக்கு எப்போது போனாலும் எனக்குச் சோடாதான் தருவாள். தனி மரியாதை என்று பெருமையாகக் குடிப்பேன். போன மாதம் அவள் மகளின் பிறந்தநாளில்தான் கவனித்தேன். அவளுடைய சொந்தக்காரர் எல்லார் கையிலும் தேத்தண்ணிக் கோப்பை. எனக்கு மட்டும் சோடாப் போத்தல்.

"எனக்கு மட்டும் ஏன் விமலா?"

அவள் தயங்கினாள். "உங்கடை மாமி ஆக்கள் சாதி பாப்பினம் ரீச்சர். எங்கடை வீட்டுத் தேத்தண்ணி குடிக்க மாட்டினம். கடைச் சோடா எண்டால் குடிப்பினம். நீங்களும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

சாதி எனக்குப் புதிதல்ல, தஞ்சாவூரிலும் உண்டு. ஆனால் அதைப் போத்தலில் ஊற்றி, இத்தனை வருடம் நானே குடித்திருக்கிறேன். காது சுட்டது.

"எனக்கும் தேத்தண்ணி தாங்கோ" என்றேன். இரண்டு கோப்பை குடித்தேன்.

வீட்டில் சொன்னதும் மாமி, என் கணவரின் அம்மா, வெடித்தார். "நீ வந்த ஆள் பிள்ளை. உனக்கேன் உந்த வேலை? பிடிக்காட்டி உன்ரை ஊருக்குப் போ!"

"வந்த ஆள்தான் மாமி. போற ஆள் இல்லை."

பிடித்துத்தான் இந்த நாட்டுக்காரி ஆனேன். அதனால்தான் சண்டையும் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விமலா குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

சோடா வாங்கவில்லை.