சொல்லாத பதிலுக்கு மதிப்பெண் இல்லை

பள்ளிகொண்டாவில் அரசுப் பள்ளியொன்றில் வரலாறு நடத்தும் சந்திரா, விவாதப் போட்டிக்கு நடுவராகப் போனால் தாளின் நடுவே ஒரு கோடு போடுவார். இடப்பக்கம் ஓர் அணி சொன்னது, வலப்பக்கம் மற்ற அணி தந்த பதில். பதில் வராத வாதத்தைச் சுற்றி வட்டம். வட்டங்களை அவர் எண்ணுவதில்லை; எந்த வட்டம் தலைப்பையே தாங்கி நிற்கிறது என்று பார்ப்பார். கணீர்க் குரலுக்கும் இஸ்திரி போட்ட சட்டைக்கும் அந்தத் தாளில் இடம் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படித்தான்.

சென்ற ஆகஸ்டில் ஆம்பூரில் இறுதிச் சுற்று. அவர் ஒருவரே நடுவர். 'தோல் தொழிற்சாலைகளால் நம் ஊருக்கு நன்மையே அதிகம்' என்பது தலைப்பு. ஆதரித்துப் பேசியவன் பரணிதரன். பரிசுக் கோப்பைகளை வாங்கித் தந்த தொழிற்சாலை முதலாளி சீனிவாசனின் மகன். எதிர்த்தவள் ஒடுகத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி ஸ்வேதா.

தொடங்குமுன், போட்டி நடத்திய பள்ளியின் தலைமையாசிரியர் கோவிந்தராஜ் சந்திராவின் காதருகே குனிந்தார். "டீச்சர், உங்க வீட்டுக்காரரு கோபிநாத், சீனிவாசன் சார் கம்பெனிதானே?"

"ஆமா சார். ஷூ தைக்கிற லைன்ல சூப்பர்வைசர்."

"சும்மாதான் கேட்டேன். பையன் நல்லா பேசுவான்."

சந்திரா தாளின் நடுவே கோடு போட்டார்.

பரணிதரன் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைத்ததைச் சொன்னான். கிணறுகள் கெட்டதால் போன விவசாய வேலைகளை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டாள் ஸ்வேதா. "இந்தப் பகுதியில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டுகூடக் கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுவதில்லை" என்றாள்.

சந்திராவின் பேனா நின்றது. தவறு. ஷெட்டுகளின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஆம்பூரில் அவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. அவள் வாதம் முழுவதும் அந்த ஒரு தூணில்தான் நின்றது. பரணிதரன் ஒரே வரியில் அதைச் சாய்த்திருக்கலாம். அவனோ கைதட்டல் வாங்கிய ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தையே திரும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அப்போது பயம் நியாயத்தின் வேஷம் போட்டு வந்தது. அவள் சொன்னது பொய்தானே? தெரிந்த உண்மையை நடுவர் சேர்த்துக்கொண்டால் என்ன? கோபிநாத் வேலையும் தப்பும்.

ஆனால் நடுவரே ஒரு பக்கத்துக்காக மனசுக்குள் வாதாடினால், அதற்கு மறுப்புச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு நேரம் தந்தது யார்? வட்டத்தைப் போட்டார்.

தீர்ப்பின் காரணத்தை மைக்கில் சொல்ல வேண்டும் என்பது விதி. எழுந்து மைக்கைப் பிடித்தார். "ஜெயிச்சது ஸ்வேதா. ஆனா ஸ்வேதா, சுத்தமே பண்றதில்லன்னு நீ சொன்னது தப்பு. பரணிதரன் ஒரு வரி கேட்டிருந்தா நீ தோத்திருப்ப."

"உங்களுக்கே தெரியுமே மேடம்" என்றான் பரணிதரன்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீ சொல்லலியே."

முன்வரிசையில் சீனிவாசன் சிரித்தார். "கோபிநாத் சம்சாரமா? நல்லா பேசறீங்கம்மா."

அந்தச் சிரிப்பு இரண்டு நாள் சந்திரா கூடவே நடந்தது. மூன்றாம் நாள் கோபிநாத் காலை பத்து மணிக்கே திரும்பி வந்தார்.

"இன்னாங்க?"

"லிஸ்ட்ல பேர் இல்லன்னு வாச்மேன் கேட்லயே நிறுத்திட்டான்."

"காரணம் கேட்டீங்களா?"

"கேட்டேன். அதெல்லாம் சொல்ற வழக்கம் இல்லியாம். மைக் புடிச்சி சொல்றதுக்கு அவங்க இன்னா உன்ன மாதிரி நடுவரா?"

ஒரு கோப்பையை இழந்த பையனுக்கு ஊரறியக் காரணம் சொல்லியாக வேண்டும். பதினான்கு வருட வேலையை இழந்தவனுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். இதற்கு நிர்வாகம் என்று பெயர்.

சந்திரா வேலூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தார்.

"வேணாம் சந்திரா. வேற கம்பெனிக்காரனும் சேக்க மாட்டான்."

அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. முதல் தாளைக் கிழித்துப் போட்டார். இரண்டாவதில், நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் என்று எழுதி, பக்கத்தில் 'எதுவும் இல்லை' என்று சேர்த்துக் கணவரிடம் நீட்டினார்.

கோபிநாத் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.