பெட்ரோல் டேப்பில் ஒரு துண்டு சோப்பு

என் கணவரின் நண்பருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டு வாசல்தான். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் அவருடைய விசில் கேட்டதும், குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு என் கணவர் எழுந்துவிடுவார். மோட்டார் சைக்கிளை நடுவில் நிறுத்தி இருவரும் குந்திக்கொள்வார்கள். வாரம் முழுக்க ஆலையில் ஒரே ஷிப்டில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். இன்னும் பேச என்னதான் மிச்சமிருக்கும் என்று எனக்கு எரியும். என்னிடம் "சாப்பாடு ஆச்சா?" என்பதைத் தாண்டாத மனிதர் அங்கே சிரிக்கிற சிரிப்பு சமையலறை வரைக்கும் வரும்.

அன்று குழந்தையோடு ராயபுரத்தில் என் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போவதாக இருந்தது. போன ஞாயிறும் வண்டி ரிப்பேரைச் சொல்லித் தட்டிப்போனது. அம்மா மீன் வாங்கிவைத்திருப்பாள். புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தால், டேங்கின் அடியில், பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெயம எந்தக் கடையும் தொறந்திருக்காது. துணி சோப்பு ஒரு துண்டு குடு தங்கச்சி," என்றார் நண்பர்.

"சோப்பா? கரைஞ்சிடாதா?"

"தண்ணியிலதாம்மா கரையும். பெட்ரோலுக்கு அசையாது. நாளிக்கு புச்சு மாத்திக்கலாம்."

"அவளுக்கு எல்லாத்துக்கும் பயம் மாமு. வண்டி வெளுத்துப் பூடுமான்னு கேப்பா பாரு," என்றார் என் கணவர். இருவரும் சிரித்தார்கள்.

நண்பர் கசிவைத் துடைத்து, சோப்பை மெழுகுபோலப் பிசைந்து, டேப் டேங்கோடு சேரும் இடத்தைச் சுற்றி அப்பினார். சொட்டு நின்றது. "கில்லாடி மாமு நீ!" என்று என் கணவர் அவர் முதுகில் தட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுகட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். குழந்தையும் அதே வண்டியில்தான் வரப்போகிறது என்பது உடனே உறைத்தது; வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனாலும் மனம் அடங்காமல், மீதிச் சோப்பைக் குழந்தையின் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

டோல்கேட் வருவதற்குள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. கண்டெய்னர் லாரிகள் குழியாக்கிய சாலையில் குலுங்கிக் குலுங்கிச் சோப்பு உதிர்ந்து, பெட்ரோல் வாடை என் முகத்துக்கு வந்தது. கத்தினேன். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"தள்ளிக்கினு வூட்டுக்கே பூடலாம். அவன் வந்து பாப்பான்."

"அவர் ஒண்ணும் வர வேணாம். கொழந்தையப் பிடிங்க."

குழந்தையோடு அவரை எட்டப் போய் நிற்கச் சொன்னேன். எஞ்சின் ஆறியதும் குழந்தைத் துணியால் ஈரம் போகத் துடைத்துச் சோப்பை அப்பினேன். இது போதுமா, இடம் சரியா என்று பிய்த்துப் பிய்த்து மறுபடி வைத்தேன். அவர் வந்து குனிந்து, அடியில் விரல் வைத்துப் பார்த்தார். விரல் நனையவில்லை.

"நின்னுட்ச்சு மாமு!" என்றார்.

யாரிடம் சொல்கிறோம் என்பதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், திருத்தவில்லை.

அம்மா வீட்டில் எத்தனை முறை கழுவியும் என் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. அந்தக் கையால் எப்படி ஊட்டுவது? அவரே மீனில் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து குழந்தைக்கு ஊட்டினார். எல்லா முள்ளையும் எடுத்தாரா என்று பதறிக்கொண்டிருந்த போதும், இதை அந்த நண்பர் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது.