வாத்தும் காந்தாரமும்

ஆவடியில் எங்களுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் மதில்மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"இன்னாக்கா, வாத்து வாங்கிகினீங்களா? காலீலேந்து கத்திகினே கீது. முட்ட வுடுதா?"

வாத்து இல்லை, என் கணவர். ராணுவ முகாமின் பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பவர் அவர். வாத்தியத்தின் ஊதுவாயை மட்டும் தனியே கழற்றிக் குளியலறையில் நின்று ஊதிக்கொண்டிருந்தார். அந்தச் சிறு துண்டிலிருந்து வரும் ஒலியை வாத்து என்று நினைத்தவளைக் குறை சொல்ல முடியாது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "அய்ய, எங்க ஊட்டுக்காரராண்ட முட்டைக்குச் சொல்லி வச்சிட்டேனே!"

அணிவகுப்புக்கு நன்றாகவே வாசிக்கத் தெரிந்த ஒருவர் எதற்காக இப்படி வாத்தாக வேண்டும்? அது எனக்கே புரியச் சில காலம் ஆயிற்று. புரிந்துகொள்ள முயன்ற அந்த நாட்களை அறுபதுகளின் மிக இனிய நாட்களாக இன்றும் எண்ணுகிறேன்.

காலையில் சீருடையும் பூட்ஸுமாக நின்று மார்ச் இசை வாசிப்பவர், மாலையில் வேட்டி கட்டிப் பாயில் அமர்ந்து அதே வாத்தியத்தில் ராகம் வாசிக்க முயல்வார். நாதஸ்வரத்திலும் புல்லாங்குழலிலும் துளைகள் திறந்தே இருக்கின்றன. விரல் பாதி மூடலாம், மெல்ல விலகலாம், வழுக்கலாம். ராகத்தின் அசைவுகள் அப்படித்தான் பிறக்கின்றன. சாக்ஸபோனில் துளைக்கும் விரலுக்கும் நடுவே தோல் மெத்தை வைத்த மூடி இருக்கிறது. அழுத்தினால் மூடும், விட்டால் திறக்கும். இடைப்பட்ட நிலை கிடையாது. அணிவகுப்புக்கு அது போதும். தோடி ராகத்துக்குப் போதாது.

திருமணம் வரைக்கும் பூந்தமல்லியில் நான் பாட்டுக் கற்றிருந்தேன். ஆகவே காய் நறுக்கும்போதும் மாவு பிசையும்போதும் தோடியின் காந்தார ஸ்வரத்தைப் பாடும் பொறுப்பு எனக்கு வந்தது.

"இன்னொரு தடவை பாடு. எங்கேருந்து தொடங்கறே?"

"தொடங்கற இடம்னு ஒண்ணும் தெரியலைங்க. தானா வருது."

"தானா எப்படி வரும்? கழுத்துல கை வச்சுப் பாரு."

மாவுக் கையோடு கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அத்தனை வருடம் பாடியும் கவனிக்காத ஒன்றை அன்றுதான் கவனித்தேன். நான் காந்தாரத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தை ஒட்டிப் புறப்பட்டு மத்தியமத்தை எட்டிப் பார்த்துத் திரும்புகிறேன். அந்தப் போக்குவரத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். இதைச் சொன்னதும் அவர் விரல்களை அசையாமல் வைத்துக்கொண்டு, கீழுதட்டை மட்டும் தளர்த்தியும் இறுக்கியும் பார்க்கத் தொடங்கினார். ஒலி வளைந்தது. குளியலறை வாத்துக்குக் காரணம் அந்த உதட்டுப் பயிற்சிதான்.

சில ஆண்டுகள் இப்படியே போயின. குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயிலில் சதுர்த்திக்குக் கச்சேரி வாசிக்க அவர் விருப்பம் தெரிவித்தபோது, கோயில் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். அவர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சாக்ஸபோன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

"பளபளன்னு இருக்கு சார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோரா இருக்கும். தோடிங்கறீங்களே, அதுக்கு இது ஒத்துழைக்குமா?"

"ஒத்துழைக்கலைன்னா மறுநாளே இதை பேண்டு ஸ்டோர்ல திருப்பிக் கொடுத்துட்டு கிளாரினெட் எடுத்துக்கறேன் சார்."

நான் திடுக்கிட்டேன். சாக்ஸபோன் முகாமுக்குச் சொந்தம் என்பது உண்மை. கிளாரினெட்டுக்குக் கச்சேரி மேடையில் முன்பே இடம் கிடைத்திருந்ததும் உண்மை. ஆனாலும் இத்தனை வருட உழைப்பை ஒரே மாலையின்மேல் அவர் வைப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன், செயலாளர் போன பிறகு.

"எனக்கும் தெரியணுமில்லே" என்றார்.

கச்சேரியன்று சுருதிப்பெட்டியோடு அவர் பின்னால் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பிடரியும் சட்டையில் பரவிய வியர்வையும்தான். கூம்பு ஒலிபெருக்கிகள் விளக்குக் கம்பங்களிலிருந்து வீடுகளைப் பார்த்திருந்தன. அங்கே போய்ச் சேர்ந்தது என்ன என்று அறிய எனக்கு வழியில்லை. தோடியின் நடுவில் ஒரு ரயில் போயிற்று. அவர் காத்திருந்து, பின்பு தொடர்ந்தார்.

முடிந்ததும் செயலாளர் ஓடிவந்து துண்டு போர்த்தினார். "சார், கண்ணை மூடிக்கிட்டா நாயனம்! நாயனமேதான்!" சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் மகிழ்ந்துபோனேன்.

வீட்டு வாசலில் பெட்டியைக் கீழே வைத்தபோது அவர் சொன்னார்: "கண்ணை மூடிக்கிட்டா நாயனம்னா, கண்ணைத் திறந்துக்கிட்டு நாயனத்தையே கூப்பிடலாமே. இது எதுக்கு?"

தோற்றிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை பெட்டி ஸ்டோருக்குப் போகத் தயாராக வாசற்படியருகே இருந்தது. அவர் ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டிருக்க, மதிலுக்கு மேல் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் எழுந்தது.

"யக்கா, சமைச்சிகினே கேட்டேன், நேத்து நாயனம் ஷோக்கா இருந்துச்சி. அண்ணாத்தே ஏன் வாசிக்கல? ஒடம்பு செரியில்லியா?"

பூட்ஸ் கயிற்றைக் கட்டிய கைகள் நின்றன. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவோ கேட்கத் தோன்றியது. "முழுக்க நாயனமாவா இருந்தது?"

அவள் யோசித்தாள். "ஆமா... நடூல ஒரு எடத்துல மட்டும் நாயனத்த நிறுத்திட்டாங்க போல. யாரோ வாய மூடிகினு பாடுனாப்ல இருந்துச்சி. எங்க ஊட்டுக்காரரு சோத்துல கை வச்சவரு அப்டியே குந்திகினாரு. யாருக்கா பாடுனது? நீயா?"

என் கணவர் ஒற்றைப் பூட்ஸோடு மதிலருகே வந்துவிட்டார். "எப்போம்மா அது? ரயில் போறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"இன்னா அண்ணாத்தே, போலீசு மாரி கேக்குற! ரயிலு போயி சத்தம் அடங்கிச்சே, அப்போ."

எனக்கு நினைவு வந்தது. ரயிலுக்குப் பின் அவர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, மிக மெல்ல, அந்தக் காந்தாரத்தை அசைத்தபடி இருந்தார். அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு மெதுவாக நாயனம் பேசி நான் கேட்டதில்லை.

"பாடினது யாருமில்லேம்மா. நான்தான்" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த வாத்தா!"

அவர் சிரித்தார். பிறகு பெட்டியை எடுத்துப் போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கிளாரினெட்டைப் பற்றிய பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.

எழுபதுகளில் அம்பத்தூர், பூந்தமல்லி, வானகரம் என்று பல மேடைகள் கிடைத்தன. நாயனம் மாதிரியே இருக்கிறது என்ற பாராட்டையும் அவர் கைகூப்பி ஏற்றுக்கொள்வார். ஆனால் தோடி எடுத்தால் கட்டாயம் கீழே அந்த இடத்துக்கு வருவார். அப்போது நான் சுருதிப்பெட்டியை விடாமல் இயக்கியபடி, அவர் தோளுக்கு அப்பால் கூட்டத்தைப் பார்ப்பேன். பாடுவது யார் என்று தலையைத் திருப்பித் தேடும் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் எனக்கு.