இராகு காலத்துக்கு முன் ஏற்றிய காந்தம்

கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். அதை மெல்லிய படலமாகப் பூசுவது என் தொழில். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், உப்புக்காற்றில் பீரோ பூட்டுவரை துருப்பிடிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கென்று ஓர் அறை உண்டு. சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால், "கரண்டு சம்பந்தமா" என்பேன். உடனே ஓடாத ஃபேனைக் காட்டுவார்கள்.

படலத்துக்கு எமன் காந்தம். வெளியே காந்தப்புலத்தைக் கூட்டினால் அது ஓரங்கள் வழியாக இழை இழையாக உள்ளே நுழையும். நிதானமாகக் கூட்டினால் நுழைந்த இழைகள் அங்கங்கே நின்றுவிடும். அவசரப்பட்டால் ஓர் இழை சறுக்கும். சறுக்கிய இடம் சூடாகும். அந்தச் சூட்டில் பக்கத்து இழையின் பிடியும் தளரும். பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பும் நெரிசலில், படாளத்தருகே ஒரு கார் குறுக்குவழி தேடி ஊருக்குள் திரும்பினால் பின்னாலேயே நூறு கார் திரும்பும், சந்துபொந்தெல்லாம் அடைபடும். படலத்திலும் அதேதான். காந்தம் கிளை கிளையாகப் பாய்ந்து, மீக்கடத்தி வெறும் தகடாகிவிடும்.

என் படலத்தில் அப்படி நடக்காது என்று திட்ட அறிக்கையில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை நேரில் பார்க்க ஆய்வுக்குழு வந்தது. நடந்துவிட்டால் திட்டத்தை மூடி, பழைய பேட்டரி அடுக்க என் அறையைப் பக்கத்துப் பிரிவுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தப் பிரிவின் தலைவர் முந்தின நாளே டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம். படலத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வரத் தாமதமாகி, படலம் குளிர்ந்தபோது பத்தரைக்குக் கொஞ்சம்தான் பாக்கி. முறைப்படி காந்தத்தை ஏற்ற ஒரு மணி நேரமாவது வேண்டும்.

காந்தத்தை இயக்கும் ஆபரேட்டர் கருங்குழிக்காரர். "இன்னா சார், இழுத்துகினு கீறீங்க. ராவு காலம் வந்துடும். சட்டுனு ஏத்திடலாமா?" என்றார்.

"எனக்கு அதெல்லாம் கெடையாதுப்பா. பெரியவர் என்ன நெனைப்பாரோ."

பெரியவர் என்பது குழுத் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர். "எனக்கும் நம்பிக்கை இல்லை. இவங்க மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க" என்று உறுப்பினர்களைக் கைகாட்டினார். உறுப்பினர்கள் ஆபரேட்டரைக் கைகாட்டினார்கள்.

"எனக்கின்னா சார், நான் சர்ச்சுக்குப் போறவன். உங்களுக்காவத்தான் சொன்னேன்" என்றார் அவர்.

ஆக, நம்பிக்கையே இல்லாத அத்தனை பேரும் ஒருமனதாக அவசரப்பட்டோம். ஆபரேட்டர் குமிழைத் திருகினார்.

காந்தம் நுழைந்த இடத்தை வெள்ளையாகக் காட்டும் திரையில், கரிய படலத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கண்ணிமைப்பதற்குள் அது அடிமரமும் கிளையுமாகப் படலம் முழுக்கப் படர்ந்துவிட்டது. பூஜ்யத்தில் கிடந்த மின்தடை எகிறியது. "போச்சு சார், ரூமு காலி" என்று ஆபரேட்டர் என் காதருகே முனகினார். என் மேஜை இருந்த இடத்தில் பேட்டரிகளை மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையருகே போனார். "எவ்வளவு அழகா கிளைச்சிருக்கு. இதைக் காட்டத்தானே கூப்பிட்டீங்க?"

என் அறிக்கையை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மறுக்க நான் வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் முந்திக்கொண்டார்: "ஆமா சார். கஸ்டப்பட்டு வரவெச்சது." நானும் தலையாட்டினேன்.

மரத்தை மேலும் ஆராயத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. பக்கத்துப் பிரிவுத் தலைவர் என்னைக் கண்டால் இப்போது டேப்பைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

படலத்தைச் சூடாக்கிக் குளிர வைத்தால் மரம் மறைந்துவிடும். யாரும் இல்லாத ஒரு நாள் நிதானமாகக் காந்தத்தை ஏற்றிப் பார்த்தோம். கிளை இல்லை, சறுக்கல் இல்லை. அறிக்கையில் எழுதியபடியே பூஜ்யத்தில் அசையாமல் நின்றது மின்தடை.

"சோக்கா நிக்குது சார். யாருகிட்டனா காட்டலாமா?" என்றார் ஆபரேட்டர்.

"வாயைத் தெறக்காதப்பா. பேட்டரி வந்துடும்" என்றேன்.

இப்போதெல்லாம் பார்வையாளர் யார் வந்தாலும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தான் வரச்சொல்கிறேன்.